திருநாட்டுக்கு எழுந்தருளுதல்: ஒரு சொல்லும் அதற்கு உரியோரும்

நம் ஸம்ப்ரதாயத்தில் ஒருவர் சரீரத்தை விட்ட செய்தியைத் தெரிவிக்கும்போது ‘இறந்தார்’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. ‘திருநாட்டுக்கு எழுந்தருளினார்’, ‘பரமபதித்தார்’, ‘ஆசார்யன் திருவடியை அடைந்தார்’ என்றே கூறுவர். அமங்கலத்தை மறைக்கவந்த மங்கல வழக்கே இது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வளவே அன்று என்பதையும், இச்சொல் யாருக்கு உரியது என்பதையும் விண்ணப்பிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மங்கல வழக்குக்கு இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘துஞ்சினார்’ என்பது. துஞ்சுதல் உறங்குதல். சோழர் சாஸனங்களில் அரிஞ்சயன் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’; சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் மாண்ட இராஜாதித்தனோ யானைமேல் துஞ்சினவன். இவ்வழக்கில் அரசன் எவ்விடத்தில் உயிர்விட்டான் என்பதே அவனுக்குப் பெயராகிறது. ‘காலமானார்’ என்பதோ ‘காலதர்மம்’ என்னும் வடமொழி வழக்கோடு ஒத்தது. காலத்துக்கு வசப்பட்டதை மட்டும் சொல்லி நிற்கிறது.

நம் சொல் இவற்றினின்று வேறுபட்டது. விட்ட இடத்தைக் கூறாமல் சேரும் இடத்தைக் கூறுவது அது. ‘பரமபதித்தார்’ என்பதில் அவ்விடத்தின் பெயரே வினையாகிவிட்டது. ‘எழுந்தருளுதல்’ என்பது நம் திருக்கோயில்களில் அன்றாடம் வழங்கும் சொல். பெருமாள் வாஹனத்தில் எழுந்தருளுகிறார். ஆசார்யர் நம் அகத்துக்கு எழுந்தருளுகிறார். எழுந்தருளுகிறவர் இல்லாமற்போவதில்லை, ஓரிடத்தினின்று மற்றோரிடம் சேர்கிறார். ஆத்மா நித்யன் என்னும் ஸித்தாந்தம் இவ்வினையிலேயே அடங்கியுள்ளது.

இதற்கு ப்ரமாணமும் உண்டு. ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயத்தில் இரண்டாம் பாதம் உத்க்ராந்தியையும், மூன்றாம் பாதம் அர்ச்சிராதி மார்க்கத்தையும் விசாரிக்கின்றன. அம்மார்க்கத்தில் செல்வானுக்கு நடக்கும் எதிர்கொள்ளலை நம்மாழ்வார் பத்தாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் அனுபவித்தருளினார். திருவரங்கத்தில் இராப்பத்தின் முடிவில் நடைபெறும் ஆழ்வார் மோக்ஷத்தை ஸேவித்தவர்கள் அதனைக் கண்ணாலும் கண்டவர்கள். நம்பெருமாள் திருவடிகளில் ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணித் திருத்துழாயால் மூடும் அக்கணத்தில் ‘திருநாடு’ என்னும் சொல்லின் பொருள் கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் ஒருசேர விளங்கும்.

இனி, இச்சொல்லுக்கு உரியோர் யாவர்? ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேர் நம்பியின் பிறப்பு தாழ்ந்ததென உலகம் கருதியது. அவருடைய சரம கைங்கர்யத்தைப் பெரிய நம்பிகள் தம் கையாலேயே செய்தருளினார். ஊரார் பழித்தனர்; எம்பெருமானாரும் காரணம் வினவினார். ஜடாயுவுக்குப் பெருமாள் ஸம்ஸ்காரம் செய்ததையும், விதுரர்க்குத் தர்மபுத்ரர் செய்ததையும் காட்டி நம்பிகள் விடையளித்தார் என்பது குருபரம்பரை கூறும் வ்ருத்தாந்தம். பிறப்பை நோக்காது பகவத் ஸம்பந்தத்தை நோக்கிச் செய்த அந்த ஸம்ஸ்காரமே நமக்கு அளவுகோல். சரணம் புகுந்தவனுக்கு இச்சரீரத்தின் முடிவில் ப்ராப்யம் நிச்சயம் என்பது நம் கொள்கையாயின், அதனைச் சொல்லும் சொல்லும் ப்ரபந்நர் எல்லார்க்கும் பொதுவாகவன்றோ இருத்தல் வேண்டும்?

அடியேன் இதனை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் அடியேனுடைய தாயார் சரீரத்தை விட்டபோது உறவினர்க்குத் தபால் அட்டைகள் எழுத அமர்ந்தேன். “திருநாடு என்பதெல்லாம் ஆசார்ய புருஷர்களுக்கு. பெண்டுகளுக்குக் காலமானாள் என்று எழுதினால் போதும்” என்றார் அகத்துப் பெரியவர் ஒருவர். மறுத்துரைக்கத் துணியாமல் அப்படியே எழுதினேன். தாயாரோ திருமடைப்பள்ளிக்குக் கறியமுது திருத்திக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர். பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றவர். திருப்பாவையை ஒருநாளும் விட்டறியாதவர். மாறனேர் நம்பியின் சரித்ரத்தை அடியேனுக்கு முதன்முதல் சொன்னவரும் அவரே.

அன்று எழுதியது தவறு. பணிவுக்காக ஒரு சொல்லைக் குறைத்தேன் என்று நினைத்தேன். உண்மையில் எம்பெருமானுடைய வாக்கிலே ஐயம் கொண்டவனானேன். இவ்வாண்டு தாயாரின் திருவத்யயனத்துக்கு விண்ணப்பப் பத்திரிகை எழுதுகையில் ‘திருநாட்டுக்கு எழுந்தருளிய’ என்றே எழுதினேன். நம் அகங்களிலும் ஆண் பெண், கற்றார் கல்லார் என்னும் வேறுபாடின்றி இச்சொல் வழங்கவேணும் என்று பாகவதர்களை ப்ரார்த்திக்கிறேன்.