பலர் கூடித் தொகுக்கும் களஞ்சியம்

தமிழில் பொருள்களை அகர நிரலில் வைத்து விளக்கும் பணி தனி மனிதர் உழைப்பாகவே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் ‘அபிதான கோச’த்தை வெளியிட்டார். சென்னையில் தமிழாசிரியராக விளங்கிய ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே 1910இல் அச்சேறியது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தைக் கொணர்ந்தது. அதில் எழுதியோர் பலர். எனினும் பொறுப்பேற்க ஆசிரியர் குழு இருந்தது. பிழை கண்டவன் யாரைக் கேட்பதென்று திகைக்க வேண்டியதில்லை.

2001 சனவரியில் ஆங்கிலத்தில் தோன்றிய விக்கிப்பீடியா இம்முறையைத் தலைகீழாக்கியது. படிப்பவர் எவரும் எழுதலாம். எழுதியதை எவரும் திருத்தலாம். 2003இல் தமிழ்ப் பதிப்பு தொடங்கிற்று. அதற்கு உரமிட்டவருள் முதன்மையானவர், இலங்கையிற் பிறந்து அமீரகத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய மயூரநாதன். அலுவல் போக எஞ்சிய பொழுதில் அவர் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கின. பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து வாழ்வோர்க்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும்.

ஆனால் கதவு அனைவர்க்கும் திறந்திருப்பின் பொறுப்பு யாருடையது? 2005 மே மாதத்தில் அமெரிக்க இதழாளர் ஜான் சைகன்தாலரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி சகோதரர் கொலைகளில் அவர்க்குத் தொடர்பிருந்ததாக ஐயுற்றனர் என்னும் பொய்யை ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அது திருத்தப்படாமலே கிடந்தது. சைகன்தாலர் நாளிதழில் எழுதிய கண்டனத்திற்குப் பின்னரே, ஆங்கிலப் பதிப்பில் புதுக் கட்டுரை தொடங்கும் உரிமை பதிவு செய்த பயனர்க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

தமிழ்ப் பதிப்பு கண்ட இடர் வேறு வகையது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகிள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்தது. எண்ணிக்கை ஏறிற்று, நடையோ இயந்திரத் தன்மை உடையதாய் இருந்தது, தமிழ் வாசகர் நாடாத பொருள்களும் மலிந்தன. உரையாடல் பக்கத்தில் கேட்ட வினாக்களுக்கு எழுதியோரிடமிருந்து மறுமொழி வருவது அரிதாயிற்று. தன்னார்வலர் அந்நிறுவனத்தோடு பேசித் தரம் கோரினர். வங்காளப் பதிப்பினர் அத்தகைய கட்டுரைகளை ஏற்கவே மறுத்தனர். எண்ணிக்கையில் மயங்காது தரத்தைக் கேட்ட இவ்விரு மொழியாரையும் நான் போற்றுகிறேன். தமிழ்ப் பதிப்பு 2017இல் நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது.

புதிதாய் எழுதப் புகுவோர் முதலில் உணர வேண்டுவது, இங்கே எழுதுபவரின் பெயர்க்கு மதிப்பில்லை, சான்றுக்கே மதிப்பு என்பதாம். ஒவ்வொரு திருத்தமும் நாளும் நேரமும் குறிக்கப்பெற்று வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். ஆதாரமற்ற வரிக்கருகே ‘சான்று தேவை’ என எவரும் குறிக்கலாம். பிறர் நூலை வரிக்கு வரி படியெடுப்பதும் ஏற்கப்படாது. தாமே கண்டறிந்து எங்கும் வெளியிடாத முடிபையும் எழுதலாகாது. அறிஞர்க்கே கசக்கும் விதி இது.

தில்லியிலோ மும்பையிலோ வாழும் குடும்பத்தார் ஒருவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றி எழுத விரும்புகிறார் என்று கொள்வோம். அது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது எனப் பாட்டி சொல்லியிருப்பார். அக்கூற்றை அப்படியே வரலாறாக எழுத இயலாது. தலபுராணம் அச்சாகியிருப்பின், ஆண்டும் பக்கமும் காட்டி, ‘தலபுராணம் இவ்வாறு கூறும்’ என எழுதலாம். கோயிற் சுவரின் கல்வெட்டு தொல்லியல் துறையின் ஆண்டறிக்கையில் இடம்பெற்றிருப்பின், அதில் குறித்த மன்னனையும் ஆட்சியாண்டையும் அறிக்கை எண்ணோடு தரலாம். இரண்டும் முரணின் இரண்டையும் அருகருகே வைத்து, எது எங்கிருந்து வந்தது எனக் காட்டினாற் போதும். அவ்வறிக்கைகள் பழைய நூலகங்களில் இன்றும் கிடைக்கின்றன.