மூலிகைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு



மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், மாத்திரையோட மூலிகைப் பொடியும் சேர்த்துச் சாப்பிடலாமா? மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாதுன்னு சொல்றாங்களே." நான் டாக்டர் இல்லை; டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். ஆனால் அந்தப் 'பக்கவிளைவே கிடையாது' என்ற பேச்சுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

சர்ப்பகந்தா என்று ஒரு செடி. அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் மனக்கோளாறுக்கும் நம் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இந்த வேர் மூர்க்கமான மனநோயாளிகளை அமைதிப்படுத்துகிறது, இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளிடம் தாம் கண்டதை லண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது.

பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. இரத்த அழுத்தத்துக்கு ரிசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து, வாழ்வே வேண்டாம் என்ற நிலைக்குப் போனதாக 1950-களில் டாக்டர்கள் எழுதினார்கள். அதற்கு மருந்துதான் காரணமா என்ற வாதம் பின்னாளில் நடந்தது. ஆனால் ரிசர்பின் மூளையிலுள்ள செரடோனினைக் குறைக்கிறது என்பது 1955-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. இன்றைய மனச்சோர்வு மாத்திரைகளில் பல, அதே செரடோனினின் வேலையைக் கூட்டுபவை. ஒருவர் தொட்டியில் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் அடியில் திறந்துவிடுவது போலத்தான் இது.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஐரோப்பாவின் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி, மன உற்சாகத்துக்கென்று மாத்திரையாக விற்கப்படுகிறது. அதுவும் செரடோனினைக் கூட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் வரலாம். முற்றினால் உயிருக்கே ஆபத்து. வேறு சில மருந்துகளை உடம்பில் தங்கவிடாமல் செய்துவிடும். இதைச் சாப்பிட்ட இருவரின் உடல், மாற்றி வைத்த இதயத்தை ஏற்க மறுத்த செய்தி 2000-ல் லான்செட் இதழில் வந்தது.

மூலிகையை நான் குறை சொல்லவில்லை. அதற்குச் சக்தி இருப்பதால்தான் அது மருந்து. சக்தி இருந்தால் விளைவும் இருக்கும். நம் அமுக்கராவும் அப்படித்தான். தூக்கம் வரவைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் கூடலாம்.

ஆகவே, சந்தையில் வாங்கிய பொடியோ, ஆன்லைனில் வாங்கிய மாத்திரையோ, லேபிளோடு டாக்டரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியரிடம் போனால், சாப்பிடும் ஆங்கில மருந்தின் சீட்டைக் காட்டுங்கள். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மனசு பாரமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் யாருக்காவது பயன்படும் என்றால் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், உசிலம்பட்டி