வாய்க்கால் அறுந்த பின்னும்

அக்கராயன் குளத்து நீரை நம்பிப் பயிரிடும் உழவர், வயல் வாடியதைக் கண்டவுடன் குளம் வற்றிவிட்டதென்று முடிவு கட்டுவதில்லை. இடையே வாய்க்கால் உடைந்திருக்கக் கூடுமன்றோ? மனித உடலிலும் அவ்வாறே என்பதை அறிஞர் உறுதி செய்வதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது.

உடலில் மூளையே குளம். முள்ளந்தண்டினுள் இறங்கும் முண்ணாண் வாய்க்கால். கையும் காலும் வயல்கள். 1870ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். ஒரு பக்கத்து மூளையைத் தூண்ட, மறு பக்கத்துக் கால் அசைந்தது. அசைவுக்கான கட்டளை பிறக்கும் இடம் அவ்வாறு புலனாயிற்று. 1924இல் ஜேர்மனிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்தார். 1969இல் அமெரிக்க அறிஞர் ஃபெட்ஸ் ஒரு விந்தையைக் காட்டினார். தன் மூளையின் ஒரேயொரு நரம்புக் கலத்தின் துடிப்பைக் கூட்டி, அளவுகருவியின் முள்ளை நகர்த்தி உணவு பெறக் குரங்கு கற்றுக்கொண்டது.

இனி மனிதனின் முறை. 2001இல் கழுத்திற் காயமுற்றுக் கைகால் செயலிழந்த அமெரிக்க இளைஞர் ஒருவரின் மூளையில், 2004இல் மயிரிழை போன்ற 96 மின்வாய்களைக் கொண்ட சிறு தகடு பொருத்தப்பட்டது. கையை அசைக்க அவர் எண்ணினார், கை அசையவில்லை. ஆனால், மூளையிற் பிறந்த கட்டளையைக் கணினி படித்தது. திரையிலே குறி நகர்ந்தது. மூன்றாண்டு பயனற்றிருந்தும் கட்டளை மறையவில்லை, குளம் வற்றவில்லை! 2023இல் சுவிற்சர்லாந்து அறிஞர், முண்ணாண் பழுதுற்ற ஒருவரின் மூளைக் கட்டளையைப் பழுதுக்குக் கீழே கொண்டு சேர்த்து, அவரை ஊன்றுகோலின் துணையுடன் நடக்கச் செய்தனர். உடைந்த இடத்தைச் சுற்றிப் புது வாய்க்கால் வெட்டியதற்கு இது ஒப்பாகும்.

வன்னியிலோ துன்பம் வேறு வகையது. 2009இல் முடிவுற்ற போரும் அது விட்டுச்சென்ற மிதிவெடிகளும் பலருடைய கால்களைப் பறித்தன. இங்கே இழந்தது வாய்க்காலன்று, வயலே போயிற்று. 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் அளித்து வந்தது. ஆயினும், இல்லாத காலிலே நோகிறது என்று ஒருவர் சொன்னால் அதற்கு மருந்து யாது?

சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற தமிழர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இதற்கொரு விடை கண்டார். அவர் எடுத்த கருவி சாதாரண முகக்கண்ணாடி! உள்ள கைக்கும் இழந்த கைக்கும் நடுவே அதை நிறுத்தினார். உள்ள கையின் பிம்பம் இழந்த கையின் இடத்திலே தோன்றியது. தன் கட்டளை நிறைவேறியதாக மூளை கண்டது. சிலருக்கு நோவு தணிந்தது. பின்னர் கால் இழந்தோருக்கும் இம்முறை பயன்படலாயிற்று. எல்லார்க்கும் இது ஒருபடித்தாகப் பலன் தருவதன்று; எனினும், எளியவர்க்கும் எட்டுவது.

கட்டளையைப் படிக்க மூளையிற் பதிக்கும் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. அக்கராயனுக்கு அவை வந்து சேரும் நாள் தொலைவில் இருக்கலாம். ஆனால், அவ்வாய்வு தந்த அறிவுக்கு விலையில்லை. இல்லாத கால் நோகிறதென்பார் பொய்யுரைப்பவருமல்லர், மதி மயங்கியவருமல்லர். கால் போயிற்று, காலை ஆண்ட மூளை இன்னும் கட்டளையிட்டுக் காத்திருக்கிறது. அவரை நகையாமல், அவர் சொல்வதை நம்பிக் கேட்பதே சிகிச்சையின் முதற்படி.