மெய் தேய்ந்து அசையான கதை

வாக்கியத்தில் பொருள் தராமல் இடத்தை மட்டும் நிரப்பி நிற்கும் சொல்லை அசைநிலை என்பர் நம் இலக்கண ஆசிரியர். இன்று ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் ஏறத்தாழ அந்நிலைக்கே இறக்கிவிட்ட சொற்களுள் ஒன்று ‘வெரி’. ‘மிகவும்’ என்று நாம் பொருள் கொள்ளும் அச்சொல்லின் வரலாறு சிந்தனைக்குரியது.

இலத்தீனில் ‘வேருஸ்’ என்றால் மெய்யானது. அவ்வேரினின்று பழைய பிரெஞ்சு மொழி வழியாக, நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில், இச்சொல் ஆங்கிலத்துள் புகுந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தம் கான்டர்பரி கதைகளில் மாவீரன் ஒருவனைப் புகழ இதனை ஆள்கிறார். ‘மெய்யான வீரன்’ என்பதே அங்குப் பொருள். 1549இல் வெளிவந்த ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலில், கிறிஸ்துவை மெய்யான கடவுளென அறிக்கையிடும் இடத்தில் நிற்பதும் இச்சொல்லே. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், பார்வை மங்கிய ஈசாக்கு, தன்முன் நிற்பவன் மெய்யாகவே தன் மகன் ஏசாதானா என ஐயுற்றுத் தடவிப் பார்க்கும்போதும் இதுவே வருகிறது. ஆண்டவர் ‘ஆமென், ஆமென்’ என அடுக்கிச் சொல்லும் இடங்களில் அம்மொழிபெயர்ப்பு தரும் ‘வெரிலி’ இதன் உடன்பிறப்பு.

ஆனால், மெய்ம்மைக்குச் சாட்சியாக வந்த சொல்லை மக்கள் எதற்கெடுத்தாலும் அழைத்தனர். ‘மெய்யாகவே நல்லவன்’ என்பது நாளடைவில் ‘மிக நல்லவன்’ என்றாகி, பதினாறாம் நூற்றாண்டில் அவ்வழக்கு வேரூன்றியது. அதற்குமுன் அப்பணியைச் செய்துவந்த ‘ரைட்’ என்ற சொல், ஆயர்களின் ‘ரைட் ரெவரென்ட்’ என்னும் பட்டத்தில் இன்றும் எச்சமாய் நிற்கிறது. விசுவாச அறிக்கையிலும், இன்றைய ஆங்கிலத் திருப்பலி ‘வெரி’ என்னாது ‘ட்ரூ’ என்றே சொல்கிறது.

‘வெரி’ வலுவிழந்தபோது, ‘உண்மையில்’ எனப் பொருள்படும் ‘ரியலி’ துணைக்கு வந்தது. அதுவும் தேயவே, ‘எழுத்துக்கு எழுத்து’ எனப் பொருள்படும் ‘லிட்டரலி’ வந்தது. இன்று உயிரோடு இருப்பவரே, தாம் சிரித்துச் சிரித்து ‘லிட்டரலி’ செத்துப்போனதாகச் சொல்கிறார்! ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011இல் இவ்வழக்கையும் பதிவு செய்துகொண்டது. தேவையற்ற சொற்களை நீக்குக என 1918இலேயே தம் கையேட்டில் வற்புறுத்தினார் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க். 1959இல் அதனைப் புதுக்கிய ஈ. பி. வைட், ‘வெரி’ போன்றவற்றை உரைநடையின் குருதி உறிஞ்சும் அட்டைகளாகக் கண்டார்.

எனினும், நிரப்பும் ஒலி யாவும் வீண் அன்று. பேச்சினிடையே எழும் ‘அம்’ என்னும் முனகல், ‘சற்றுப் பொறுங்கள், சொல் தேடுகிறேன்’ என்று கேட்போர்க்கு உணர்த்துவதாக ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ எனும் உளவியலார் 2002இல் எடுத்துரைத்தனர். விந்தை பாருங்கள்! பொருளற்ற முனகல் தன் தயக்கத்தை நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. மெய்யெனப் பெயர்கொண்ட சொல்லோ வெறுமையாய் ஒலிக்கிறது.

இது ஒரு மொழியின் குறை மட்டுமன்று. ‘இது உண்மை’ என ஒருவர் அடிக்கடி அழுத்தும்போது, அழுத்தாமல் சொன்னவை எத்தகையவை என்ற ஐயம் கேட்போர் நெஞ்சில் எழாதா? ஆணையே இடவேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருங்கள் எனப் பணித்த ஆண்டவர் இந்நோயின் மூலத்தை அறிந்திருந்தார். சொல்பவரின் வாழ்வு மெய்யாயிருந்தால், அவர் சொல்லுக்கு வேறு சாட்சி தேவையில்லை.