மார்கரின்: கொழுப்புக்குள் போன முத்து

பேக்கரிக்காரர்கள் மார்ஜரின் என்பார்கள். இலங்கைத் தமிழர் பாணில் பூசுவது மாஜரின். வெண்ணெய்க்கு மாற்றாக வந்த இந்தச் சரக்கின் பெயர் முத்திலிருந்து பிறந்தது. கிரேக்கத்தில் மார்கரிட்டேஸ் என்றால் முத்து. மார்கரெட் என்ற பெண்பெயரும் அதன் கிளைதான்.

அந்தச் சொல் கிரேக்கருக்குக் கிழக்கிலிருந்து கிடைத்தது. பாரசீகம் போன்ற ஈரானிய மொழி வழியாக வந்தது என்பதே பலர் கருத்து. ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தாளர் அரியன் தன் 'இண்டிகா'வில், கடல்முத்தை இந்தியர் தம் மொழியில் அப்படி அழைப்பதாகச் சொல்கிறார். ஹெராக்ளீஸ் தன் மகள் பாண்டையாவை அணி செய்ய முத்து தேடிய கதையில் அது வருகிறது. பாண்டியரின் முத்துத்துறையான கொற்கையை நினைக்காமல் அந்தப் பகுதியைப் படிக்க முடியாது. அதை வைத்துச் சொல்லைத் தமிழென்று உரிமை கொண்டாட நான் துணியமாட்டேன்; முத்துக்கு அப்படியொரு பெயர் நம்மிடம் இல்லை.

முத்தைக் கொழுப்புக்குள் கொண்டுபோனவர் பிரெஞ்சு வேதியியலர் மிஷேல் ஷெவ்ரல். பன்றிக் கொழுப்பில் பொட்டாஷ் காரம் சேர்த்துச் செய்த சோப்பை அவர் ஏராளமான நீரில் இட்டபோது, முத்தொளி வீசும் பொருளொன்று படிந்தது. அதிலிருந்து பிரித்த அமிலப் பொருளுக்கு 1813இல் மார்கரின் என்று பெயரிட்டார். அதுவே பிறகு மார்காரிக் அமிலம் ஆயிற்று. கொழுப்பைக் கிளிசரினாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரித்துக் காட்டிய அவருடைய உழைப்பின் மேல்தான் இன்றைய கொழுப்பு வேதிப்பொருள் தொழில் நிற்கிறது. உருகி வழிந்து நாறிய கொழுப்பு மெழுகுவத்தி போய், கெட்டியான ஸ்டியரின் மெழுகுவத்தி வந்தது அதன் முதற்பலன்.

பெயர் நிலைத்தது, பொருள் நிலைக்கவில்லை. 1850களில் ஜெர்மானியரான ஹைன்ட்ஸ், மார்காரிக் அமிலம் என்று தனியாக ஒன்று அந்தக் கொழுப்பில் இல்லை, பாமிட்டிக், ஸ்டியரிக் என்ற இரண்டின் கலவையே அது என்று நிறுவினார். ஆனாலும் 1869இல் பிரெஞ்சுக்காரரான மேஜ்-மூரியே மாட்டுக்கொழுப்பிலிருந்து மலிவு வெண்ணெய் செய்தபோது, அந்தப் பழைய பெயரிலிருந்தே ஓலியோமார்கரின் என்றார்கள். பின்னால் மாட்டுக்கொழுப்பு போய்த் தாவர எண்ணெய் வந்தது. பெயரிலும் முன்பாதி உதிர்ந்தது. ஆங்கிலேயர் வாயில் 'க' 'ஜ' ஆனது.

முத்தொளி மட்டும் பொய்யல்ல. ஷாம்புவில் மினுங்கும் வெண்மைக்குப் பெரும்பாலும் காரணம் கிளைக்கால் டைஸ்டியரேட். பனையெண்ணெயிலிருந்தோ விலங்குக் கொழுப்பிலிருந்தோ எடுக்கும் ஸ்டியரிக் அமிலமே அதற்கு மூலம். அதன் நுண்தகடுகள் ஒளியைத் திருப்புகின்றன. புட்டியில் முத்து என்று எழுதுவதில் ஓரளவு நியாயம் உண்டு.

பாமிட்டிக்கில் கார்பன் அணுக்கள் 16, ஸ்டியரிக்கில் 18. இடையில் 17 கார்பன் கொண்ட அமிலமும் உண்டு. பால்கொழுப்பில் சிறிதளவு இருக்கிறது. மார்காரிக் அமிலம் என்ற பெயர் இன்று அதற்குத்தான். தாவர எண்ணெய்களில் அது மிக அரிது என்பதால், எண்ணெயை அளந்து பகுக்கும் ஆய்வகங்களில் அதை ஒப்பீட்டு அளவாகச் சேர்ப்பதுண்டு.