பாபுல் சுப்ரியோ

பாபுல் சுப்ரியோ (பிறப்பு: 15 டிசம்பர் 1970), பாட்டுத் தொழிலிலிருந்து ஒன்றிய அரசுக்குச் சென்ற வங்காள அரசியலர், பாலிகஞ்ச் தொகுதியில் வென்று மாநில அமைச்சரானவர். ஹூக்ளிக் கரை ஊரான உத்தர்பாராவில், பாடகர் பாணிகண்ட பராலின் பேரனாகப் பிறந்தார். வங்கி வேலையை உதறிவிட்டு 1992இல் மும்பைக்குப் போனார். மாதச் சம்பளத்தை விட்டுப் பாட்டை நம்பிய அந்தத் துணிச்சல்தான் இவர் வாழ்வின் அச்சாணி. 2000இல் வந்த ‘கஹோ நா பியார் ஹை’ படப்பாடல் இவர் குரலை நாடெங்கும் கொண்டுசேர்த்தது.

2014இல் பாஜக சார்பில் ஆசன்சோல் மக்களவை உறுப்பினராகி, நகர்ப்புற வளர்ச்சி, கனரகத் தொழில், சுற்றுச்சூழல் துறைகளில் இணையமைச்சராக இருந்தார். ஒன்றியத்தில் கேபினட் தகுதி கிட்டவில்லை. 2015இல் எதிர்முகாம் முதல்வர் மம்தா பானர்ஜி இவரைத் தம் காரில் ஏற்றிச்சென்று விக்டோரியா நினைவகம் அருகே ஜால்முரி வாங்கிக்கொடுத்தார். கடுகெண்ணெய் மணக்கும் அந்தப் பொரியைப் பற்றி வங்காளம் நெடுநாள் பேசியது.

2021 ஜூலையில் பதவி விலகி, செப்டம்பரில் மம்தாவின் திரிணமூல் காங்கிரஸில் சேர்ந்தார். சட்டமன்ற உறுப்பினர் சுப்ரதா முகர்ஜி மறைவால் காலியான பாலிகஞ்சில் 2022 ஏப்ரல் இடைத்தேர்தலில் 20,000 வாக்குகளுக்கு மேல் முந்தி வென்றார். ஆகஸ்டில் மாநில கேபினட் அமைச்சரானார்.