பேனாக்கத்தி சொல்லும் சரித்திரம்

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்ததுண்டா? இறகுப் பேனா காலத்தில், முனை மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ள ஒரு சின்னக் கத்தி தேவைப்பட்டது. அதுதான் பேனாக்கத்தி. எஃகு நிப்பு வந்தது, இறகு போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் தலைமுறைக்கு அது பென்சில் சீவவும் மாங்காய் கீறவும் பயன்பட்டது.

பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கையில் எடுத்ததும் அவர்கள் பிடியின் அழகைப் பார்ப்பதில்லை. அலகை விரித்து, அது பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார்கள். கத்தியின் ஜாதகம் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே கத்தித் தொழிலாளர்களுக்கென்று 1624இல் பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் ஒரு சங்கம் அமைந்தது. யார் எந்த முத்திரையைப் பொறிக்கலாம் என்பதை அதுதான் பதிவு செய்தது. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 1682இல் வழங்கப்பட்ட முத்திரை. 1822இல் அந்தக் கம்பெனி, ஆண்டுக்கொன்றாக 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியையே செய்து காட்டியது!

இனி காலத்தைக் கணிக்கும் வழி. கிரீடத்தோடு வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது விக்டோரியா ராணியின் காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. ஜி.ஆர். என்றிருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது 1830க்கு முந்தைய ஜார்ஜாகவும் இருக்கலாம், 1910க்குப் பின் வந்த ஜார்ஜாகவும் இருக்கலாம். ஷெஃபீல்டு என்பதோடு 'இங்கிலாந்து' என்றும் பொறித்திருந்தால், பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு அலகாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியதே 1913இல்தான்.

அந்த 'இங்கிலாந்து' என்ற சொல் அங்கே வந்த கதை சுவாரசியமானது. அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கத்திகளுக்குக் கடுமையான சுங்க வரியும் போட்டது. ஷெஃபீல்டுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. அந்த வியாபாரம் பலமாக அடிவாங்கியது. ஆக, இன்று காலம் கணிக்க நமக்கு உதவும் அந்த ஒரு சொல், ஒரு நகரத்தின் பிழைப்பில் விழுந்த அடியின் தழும்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலகில் கம்பெனியின் பெயர் இருக்கும். சாணை பிடித்தவன் பெயர் இருக்காது. சாணைக்கல்லின் தூசியும் எஃகுத் தூளும் நுரையீரலில் படிந்து, அந்தத் தொழிலாளர்கள் பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். பளபளக்கும் அந்தக் கூர்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

உங்கள் வீட்டு அலமாரியிலோ டிரங்குப் பெட்டியிலோ பாட்டனார் காலத்துக் கத்தி கிடந்தால், தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும். பிறகு அது எந்தக் காலத்துக் கத்தி என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பழந்துணியால் மெதுவாகத் துடையுங்கள். எழுத்து தெரிந்தால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நம் கண்ணைவிட அவர்கள் கண் கூர்மை.